ஓடுவான் முழங்கால்

பெயருக்குக் கால்பந்தே ஆயினும், அமெரிக்கர் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டன்றோ ஓடுகின்றனர்! அங்ஙனம் ஓடுவதையே தொழிலாகக் கொண்டவனை 'ரன்னிங் பேக்' என்பர். ஓட்டந்தோறும் மலையன்ன மாந்தர் அவன்மேல் வீழ்வர்.

2018-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழுவின் லேவியான் பெல் என்பார், ஓராண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் உடன்படாது, அப்பருவம் முழுதும் ஆடாதிருந்தார். முழங்கால் முறிந்தாலும் கைவிடாத நெடுநாள் உறுதியே அவர் வேண்டியது. செய்தி படித்த யான், "பேராசை!" என்று நகைத்தேன். இத்தனைக்கும், மாணவப் பருவத்தில் ஹாக்கி ஆடி முழங்கால் பிறழ்ந்து, இன்றும் மாடிப்படியைக் கண்டால் தயங்குகின்றவன் யான்.

அவ்வாண்டே லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் குழு டாட் கர்லி என்பாருக்கு நீண்ட ஒப்பந்தம் அளித்தது; உறுதித்தொகை மட்டும் 4 கோடியே 50 லட்சம் டாலர். 2020 மார்ச்சில் அக்குழுவே அவரை விடுவித்தது. அவர் முழங்காலைப் பற்றிய ஐயம் அதற்குள் எங்கும் பரவியிருந்தது. அட்லாண்டாவில் அவ்வாண்டு ஆடியதே கடைசிப் பருவம், வயதோ 26.

புதிதாய்த் தெரிவாகும் இளைஞன் முதல் 4 ஆண்டுகள் வரையறுத்த ஊதியத்திற்கே ஆடவேண்டும். கால்களின் வலிமையில் பெரும்பகுதி அதற்குள் செலவாகிவிடும். பின்னர் எழுதப்படும் பெருந்தொகையிலோ, உறுதியளிக்கப்படாத பகுதி, குழு கைவிட்டதும் காற்றோடு போகும்.

பெல் 2019-இல் நியூயார்க் ஜெட்ஸ் குழுவிற் சேர்ந்தார். 2020 அக்டோபரில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். அம்மறுப்பு அவருக்கு இலாபமோ நட்டமோ, யான் கணக்கிடவில்லை. நகைப்பதை மட்டும் விட்டேன்.