காயலான் கடையில் கிடைத்த கனவான்

தபால் தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாணயம் சேர்ப்பவர்களையும், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களையும்கூடப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பம்பு சேர்ப்பவனைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்க்க விரும்பும் அன்பர்கள் எங்கள் விடுதியின் சைக்கிள் கொட்டகைக்கு வரலாம். ஆறடி உயரமுள்ள இரும்புக் கனவான் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் எண்ணெய்த் துணியும் கையுமாக நிற்பவன்தான் அடியேன். நான் சேர்த்தது இந்த ஒன்றே ஒன்றுதான். ஆனால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவன் செய்யக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒன்றிலேயே செய்து முடித்துவிட்டேன்.

டில்லியில் மாயாபுரி என்று ஓர் இடம் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு அதுதான் மயானம். சைக்கிளுக்குப் பழைய பெடல் ஒன்று வாங்கப் போன நான், ஒரு காயலான் கடையின் மூலையில் இவரைக் கண்டேன். வட்ட முகம், அதில் ஒற்றை முள், இடுப்பில் ஒரு கைப்பிடி. இரும்பு விலைக்கே தருகிறேன் என்றார் கடைக்காரர். மூன்று மாதம் மிச்சம் பிடித்த உதவித்தொகை ஒரே நொடியில் கைமாறிற்று. டெம்போவில் ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வந்து இறக்கியபோது, என் அறைத் தோழன் கேட்டான்: "ஏண்டா, இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? மெஸ்ஸிலே சாம்பார் இறைக்கவா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே கம்பி பிரஷ், உப்புத்தாள், குறடு மூன்றையும் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். முன்பக்கக் கதவின் வண்ணத்தையெல்லாம் சுரண்டி எறிந்தேன். உள்ளே துருப்பிடித்த கம்பி ஒன்றில் மொச்சைக்கொட்டை அளவு ஈயத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது திருகைத் திறக்க இடைஞ்சலாக இருக்கவே, குறட்டால் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த ஈயத்துண்டைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

சுத்தம் செய்த பிறகுதான் இவர் யார், எந்த ஊர், என்ன வயது என்ற கேள்விகள் பிறந்தன. செய்தவரின் பெயர்ப் பலகை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டுமே இருந்தன. தோழன் சட்டென்று, "அமெரிக்கா, 1920" என்று ஜாதகம் கணித்துவிட்டான். நானும் நம்பி நாலு பேரிடம் சொன்னேன். படித்துப் பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. 1920களில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த பம்புகளின் உச்சியில் பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கும். பெட்ரோலைக் கையால் இறைத்து அதில் நிரப்பி, எத்தனை காலன் என்று வாடிக்கையாளரின் கண்ணுக்குக் காட்டி, பிறகு குழாய் வழியே வண்டியில் இறக்கிவிடுவார்கள். கடிகாரம்போல் முகமும் முள்ளும் கொண்ட பம்புகள் அதற்கடுத்த தலைமுறை. அளவோடு விலையையும் தானே கணக்கிட்டுக் காட்டும் பம்புகள் 1930களில் வந்தன. நம் கனவானுக்குக் குடுவையும் இல்லை, கணக்கும் தெரியாது. ஆகவே இடைத்தலைமுறைக்காரர்.

ஊரைக் கண்டுபிடிக்க உதவியவை போல்ட்டுகள். அரை அங்குலப் போல்ட் ஒன்றை எடுத்து, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரிகள் என்று எண்ணிப் பாருங்கள். 12 இருந்தால் பிரிட்டிஷ் விட்வொர்த் முறை. 13 இருந்தால் அமெரிக்க முறை. நான் மூன்று போல்ட்டுகளை எண்ணினேன், மூன்றிலும் 12. தோழனின் அமெரிக்கா அத்துடன் கடலில் மூழ்கிற்று. ஆனாலும் உடனே இங்கிலாந்து என்று எழுதிவிட முடியாது. இந்தியப் பட்டறைகளிலும் அந்நாளில் விட்வொர்த் புரிதான் வழக்கம்.

வயதைச் சொன்னது முகத்தகடு. வெளியே தெரிந்த பக்கத்தில் ஒரு சுற்றுக்கு 50 லிட்டர் என்று எண்கள் இருந்தன. துடைப்பதற்காகக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கத்திலும் எண்கள்! அவை லிட்டர் அல்ல. ஒரு சுற்றுக்குப் 10 காலன். நம் நாட்டில் மெட்ரிக் அளவை முறைக்கு வழிவகுத்த சட்டம் 1956இல் வந்தது. அதன் பிறகு படிப்படியாகக் காலன் போய் லிட்டர் வந்தது. ஒரு பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், ஆகவே 10 காலன் சுற்று 50 லிட்டர் சுற்றாக வேண்டுமானால் தகட்டைத் திருப்பினால் மட்டும் போதாது, உள்ளே பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். மற்றவற்றைவிட ஒரு பற்சக்கரம் மட்டும் புதிதாக இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. யாரோ ஒரு தொழிலாளி, புதுத் தகடு வாங்காமல் பழையதையே திருப்பிப் போட்டு, நாட்டின் புது அளவையை அதன் முதுகில் எழுதியிருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இறுகிப்போயிருந்த பாகங்களை விடுவிக்கத் தெரியாமல், பழைய பம்புகளைப் பழுது பார்த்த ஒரு முதிய மிஸ்திரியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி, "முத்திரை எங்கே, பேட்டா?"

"எந்த முத்திரை, மிஸ்திரிஜி?"

அவர் பொறுமையாகச் சொன்னார். பம்பு என்பது பெட்ரோல் இறைக்கும் யந்திரம் மட்டுமல்ல, அது ஒரு தராசு. தராசு செய்த ஏவரி கம்பெனி பெட்ரோல் பம்பும் செய்தது சும்மாவா? அளவைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு திருகு உண்டு. திருட்டுக் கை அதைத் தொடாமலிருக்க, எடை அளவை ஆய்வாளர் சோதித்துப் பார்த்து, கம்பி கோத்து, ஈயத்தில் தம் அச்சைப் பதித்துவிட்டுப் போவார். அந்த அச்சைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கடைசிச் சோதனை நடந்த காலமும் தெரியும்.

மொச்சைக்கொட்டை! மூன்று வாரங்களுக்கு முன் குப்பையில் போட்ட மொச்சைக்கொட்டை!

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "போனது போகட்டும், வண்ணத்தையாவது விட்டு வைத்தாயா?" என்றார். முன்பக்கம் வெறும் இரும்பாக நின்றது. நல்ல வேளையாகப் பக்கவாட்டுத் தகடுகளை நான் தொட்டிருக்கவில்லை. அதில் கட்டைவிரல் அளவு இடத்தைத் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்துக் காட்டினார். மேலே நீலம், அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு. சிவப்பும் மஞ்சளும் பர்மா-ஷெல்லை நினைவூட்டுகின்றன. அந்தக் கம்பெனி 1976இல் அரசுடைமையாகி, 1977இல் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது. இதன் நிறங்கள் நீலமும் மஞ்சளும். அப்படியானால் நம் கனவான் 1976க்குப் பிறகும் உத்தியோகத்தில் இருந்தாரா? அல்லது காயலான் கடையில் எவரோ கையில் கிடைத்த நீலத்தைப் பூசினாரா? தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சாட்சியை நானே குறட்டால் வெட்டிப் போட்டுவிட்டேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டுவதை நிறுத்தினேன். மூக்கை முகமூடியால் மூடிக்கொண்டேன். பெட்ரோல் ஆவி தங்கியிருக்கக்கூடும் என்று மிஸ்திரி எச்சரித்ததால் எந்தப் பாகத்தையும் நெருப்பில் காட்டவில்லை. இறுகிய திருகுகளுக்கு எண்ணெய் விட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். காய்ந்துபோன தோல் வாஷர்களை எண்ணெயில் ஊறவைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஸ்திரி அளவியின் அச்சைக் கையால் திருக, முகத்தில் இருந்த முள் மெல்ல நடுங்கி, ஐந்து லிட்டருக்கு நகர்ந்தது. சாம்பார் இறைக்கச் சொன்ன தோழன்தான் முதலில் கைதட்டினான்.

ஒரு வியாபாரி வந்தார். பம்பு முழுவதையும் பளபளவென்று சிவப்பாக்கி, தலையில் பர்மா-ஷெல் என்று எழுதிய புதுக் கண்ணாடி விளக்கைப் பொருத்தினால் சிற்றுண்டிச் சாலைக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்று ஆசை காட்டினார். மாதக் கடைசி, மெஸ் பாக்கி வேறு. சபலம் தட்டாமலில்லை. ஆயினும் ஒரு சாட்சியைக் கொன்றவன் இன்னொரு பொய்ச் சாட்சியையும் ஜோடிப்பது கூடாதென்று மனம் சொல்லிற்று. முன்பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு மட்டும் பூசினேன். பக்கவாட்டில் நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் தெரியும் கட்டைவிரல் அளவு இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பழம் பொருள் வாங்கும் எண்ணமுள்ள நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முதல் வாரம் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். படம் எடுங்கள், எழுதி வையுங்கள். கழற்றிய எதையும், மொச்சைக்கொட்டையாயினும், டப்பாவில் போட்டு வையுங்கள். அழுக்கு என்று நாம் நினைப்பது அந்தப் பொருளின் சுயசரிதையாக இருக்கலாம்.

கொட்டகைக்கு வருகிறவர்கள் கனவானின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் படிக்கலாம். என் கையெழுத்துத்தான்: "கைப்பம்பு. விட்வொர்த் புரி. முதலில் காலன், பிறகு லிட்டர். முத்திரை: இருந்தது, தொலைத்தவன் இதை எழுதியவன்."