கோயமுத்தூர்ப் பட்டறையில் ஒரு ஜிப்ஸி

மலைச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் களியாகக் குழைந்துபோகும் பாதையில் குழந்தைகளையும் வயோதிகத் தாயாரையும் ஏற்றி இறக்க வேண்டிய நிலையிலுள்ள ஒரு குடும்பஸ்தர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பெட்ரோல் வண்டி ஒன்றைத் தேடப் புறப்பட்டால், புதிய வண்டிகளின் விலையை விசாரித்துவிட்டு வந்த கையோடு அவர் மனம் பழைய மாருதி ஜிப்ஸியின்மேல் போய் நிற்பது நீலகிரிப் பக்கத்தில் வெகு சகஜம். கோத்தகிரிக்கு அருகே பள்ளி ஆசிரியராக இருக்கும் என் மைத்துனரும் அவ்விதமே நிச்சயித்து, வண்டி பார்க்கவும் பார்த்த வண்டியைச் செப்பனிடவும் கோயமுத்தூருக்கு வந்தபோது, அந்தத் தொழிலையும் தொழிலாளரையும் அருகிருந்து காணவேண்டும் என்ற நெடுநாளைய ஆவலால் நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

ஜிப்ஸியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் எந்த வருஷத்து வண்டி என்பதைப் பொறுத்தே பட்டறைக்காரரின் வேலை மாறுகிறது. 1985 டிசம்பரில் வெளிவந்த முதல் ஜிப்ஸியில் 970 சி.சி. கொள்ளளவும் சுமார் 45 குதிரை சக்தியும் உடைய சிறிய எஞ்சினும் நான்கு கியர்களுமே இருந்தன. இடது வலது சக்கரங்களுக்கிடையே அகலம் போதவில்லை என்ற குறையை 1993-இல் நிவர்த்தி செய்தார்கள். 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்தாவது கியரும் சேர்ந்து, ‘ஜிப்ஸி கிங்’ என்ற நாமத்தோடு சக்தி 60 ஆக உயர்ந்தது. 2000-இல் கார்புரேட்டர் விடைபெற்றுக்கொள்ள, பதினாறு வால்வுகளும், பெட்ரோலை மின்னணு அளவுப்படி பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ஏற்பாடும் வந்து 80 ஆயிற்று. எக்காலத்திலும் மாறாதிருந்தவை ஏணி போன்ற இரும்புச் சட்டமும், முன்னும் பின்னும் நேர்த்தண்டாக ஓடும் அச்சுகளும், நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங் பட்டைகளும், ஒரு டன்னை எட்டியும் எட்டாத எடையுமே. ராணுவமும் போலீஸும் வனத்துறையும் இதைப் பெரிதும் ஆதரித்ததற்கு இவையே காரணம்; இதில் உட்கார்ந்து நெடுந்தூரம் பிரயாணம் செய்தவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கும் இவையே காரணம்.

கோயமுத்தூரில் இத்தகைய வேலைக்குக் கைகள் கிடைப்பது தற்செயலன்று. பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் வார்க்கவும், கிணற்றுப் பம்புகளுக்குத் தண்டு கடையவும் தோன்றிய வார்ப்படசாலைகளும் லேத் பட்டறைகளும் தலைமுறை தலைமுறையாக யந்திர ஞானத்தை அந்த ஊரின் சந்துகளில் பரப்பியிருக்கின்றன. 1920-இல் ஒற்றைப் பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் ஊர் அது. மாருதியின் எஞ்சினைக் கொண்டே பந்தய வண்டி கட்டி, இளைஞர் பலரைப் பந்தயத் துறைக்கு அழைத்து வந்து, 1995-இல் விமான விபத்தில் அகாலமாக மறைந்த கரிவர்தனின் ஊரும் அதுவே. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இன்றும் கையெழுத்துச் சீட்டோடு போய் நின்றால், எந்த வருஷத்து ஜிப்ஸிக்கு எந்தப் பல்சக்கரம் பொருந்தும் என்பதைப் புத்தகம் பாராமலே சொல்லிவிடுகிறார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஏறக்குறைய அறுபது வயதான ஒரு மெக்கானிக். பட்டறையிலுள்ள இளைஞர்கள் அவரை ‘அண்ணா’ என்றே அழைக்கிறார்கள். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். வண்டி பார்க்க அவர் இட்ட முதல் நிபந்தனை எனக்கு விசித்திரமாகத் தோன்றியது. “காத்தால போலாமுங்க. நாம போறதுக்கு முந்தி ஆரும் ஸ்டார்ட் பண்ணியிருக்கப்படாதுன்னு சொல்லிருங்க. எஞ்சின் சில்லுனு இருக்கோணுமுங்க” என்றார். சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் முதல் அரை நிமிஷத்தில் புகையாலும் சத்தத்தாலும் உண்மையைச் சொல்லிவிடும் என்பது அவருடைய அனுபவம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

முதலில் பார்த்த வண்டி கண்ணைப் பறிப்பதாக இருந்தது. புதிய பச்சை வர்ணம், புதிய குஷன், மின்னும் சக்கரங்கள்; மைத்துனரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அண்ணாவோ வர்ணத்தை ஏறிட்டும் பாராமல், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்புறத்தில் வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது பட்டி. பின்பு சாக்கை விரித்து அடியில் நுழைந்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டை சட்டத்தோடு சேரும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்து வந்த இரும்பு ஓரிடத்தில் சப்பென்று அடங்கியது. துரு உள்ளிருந்து தின்றுவிட்ட சட்டத்தின்மேல் தகடு வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் தார் பூசியிருந்தார்கள். “பெயின்ட் வாசமே இன்னும் போகலீங்களே. எதுக்கு இத்தன அவசரமா அடிச்சாங்கன்னு அடியில போய்ப் பாத்தாத் தெரியுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, விற்பவரிடம் ஒரு கடுஞ்சொல்லும் பேசாமல் விடைபெற்றுக்கொண்டார்.

வாங்கியது வேறு வண்டி. 1998-ஆம் வருஷத்தது, வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் நசுங்கி, தார்ப்பாய்க் கூரை கிழிந்து, பார்வைக்கு ஒரு லட்சணமும் இல்லாதது. ஆனால் அதன் சட்டம் முழுமையாக இருந்தது; நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஒரே விதமாகத் தேய்ந்திருந்தன. ஃபோர் வீல் வண்டியில் இது அற்ப விஷயமன்று. முன்டயருக்கும் பின்டயருக்கும் சுற்றளவு வேறுபட்டால் நான்கு சக்கரமும் இணைந்திருக்கும்போது அந்த வேறுபாடு முழுவதையும் பற்சக்கரங்கள் தாங்க வேண்டிவரும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் மானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றியபோது, நான்கும் சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோகிராமை ஒட்டியே காட்டின. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தாலோ எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்றார். சேஸிஸ் நம்பரின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு, பதினைந்து வருஷம் கடந்த வண்டியாகையால் பதிவு ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே கிரயம் பேச அனுமதித்தார்.

இந்த வண்டியின் நான்கு சக்கர ஏற்பாட்டைப் பற்றி வாங்குவோரிடம் நிலவும் ஒரு தவறான எண்ணத்தை அண்ணா மிகுந்த சிரத்தையோடு நீக்கினார். கியர் பெட்டிக்குப் பின்னால் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஷாஃப்ட்டுகள் போகின்றன. சிறிய லீவரை நகர்த்தினால் இரண்டும் இறுகப் பிணைந்துவிடும். நடுவே வேகத்தைப் பங்கிட்டுக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடவேண்டியிருப்பதால், ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளில் ஒன்று முந்தவும் மற்றது பிந்தவும் முயலும்போது நுகத்தடி படும் பாட்டை அந்தப் பற்சக்கரங்கள் படுகின்றன. சேற்றிலும் ஈரப்புல்லிலும் சக்கரம் சற்றே வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திவிடும். காய்ந்த தார்ச்சாலையில் தளர்த்த வழியில்லை. ஆகவே மலைச்சாலை முழுவதும் ஃபோர் வீலில் போனால் பிடிமானம் அதிகம் என்று எண்ணுபவர், தம் பணத்தைத் தாமே அரைத்துக்கொள்கிறார்.

பட்டறைக்கு வந்த வண்டியில் அவர் செய்த வேலையை நான் பெரும்பாலும் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டியூனிங் என்றாலே வேகத்தையும் உறுமலையும் கூட்டுவது என்ற அபிப்பிராயத்தோடு வருபவர்கள் அங்கே ஏமாற்றமடைவார்கள். ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணமான கிங்பின் பேரிங்குகளை மாற்றி, வில்தராசைக் கட்டி இழுத்து, தேவையான இறுக்கம் வரும்வரையில் மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் பார்த்ததிலேயே ஒரு பகல் கழிந்தது. மறுநாள் டேப்பட். எஞ்சின் ஆறிய பின், மயிரிழை கனமுள்ள ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே செலுத்தி, அது உருவிவரும்போது விரலில் தட்டுப்படும் மெல்லிய உராய்வைக் கொண்டு திருகை நிறுத்தவேண்டும். அளவு எண் தகட்டில் எழுதியிருக்கிறது; ஆனால் அந்த உராய்வு எவ்வளவு என்பது எங்கும் எழுதப்படவில்லை. புதிதாக வந்த பையனின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தகட்டை இழுத்துக் காட்டினார் அண்ணா. “இது டைட்டு. இது லூசு. இப்பப் பாரு கண்ணு, இதுதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னதைத் தவிர வேறு உபதேசம் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்கம் குழாயை வாயால் உறிஞ்சி, உள்ளே தட்டு நகர்கிறதா என்று பார்த்தார். டைமிங் லைட்டை அடித்துக் குறியைச் சேர்த்தார். கடைசியில் கார்புரேட்டர். அதன் உறுப்புகள் அனைத்தும் பெட்ரோல் நிறைந்த தட்டில் கிடக்க, பெட்ரோலை அளந்துவிடும் ஒவ்வொரு ஜெட்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையைப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தாரே தவிரக் கம்பியால் குத்த ஒருபோதும் சம்மதிக்கவில்லை. பித்தளைத் துளை சிறிது விரிந்தாலும் அளவு என்றென்றைக்கும் கெட்டுவிடும்.

இங்கேதான் மலைவாசிகளுக்கே உரிய பிரச்சினை எழுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் செவ்வனே எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கோயமுத்தூர் கடல் மட்டத்துக்குமேல் 400 மீட்டரை ஒட்டியுள்ளது. கோத்தகிரியோ 1,790 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள உணர்கருவிகள் உண்டு; கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. சமவெளியில் சரியாக வைத்த செட்டிங், மலையில் பெட்ரோலை மிகுதியாக ஊற்றி, பிளக்கில் கரி படியச்செய்து, இழுவையைக் குறைத்துவிடும். மலையில் மட்டுமே ஓடும் வண்டியானால் சிறிய ஜெட்டைப் போட்டு முடித்துவிடலாம். மாதத்தில் சில தடவை ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இறங்க வேண்டிய வண்டிக்கு அதையே செய்தால், அங்கே கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்குமேல் சூடாகும். எனவே மைத்துனர் குடும்பம் எங்கே எத்தனை நாள் ஓட்டும், யார் ஓட்டுவார், எத்தனை பேர் ஏறுவார் என்றெல்லாம் அண்ணா விசாரித்ததை வீண்பேச்சு என்று முதலில் நினைத்த மைத்துனரின் மனைவி, காரணம் விளங்கிய பிறகு தாமே எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார்.

அந்த அம்மையார் கேட்ட ஒரே கேள்வி பின்னாசனத்தைப் பற்றியது. பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்த அந்தப் பெஞ்சுகளில் குழந்தைகளை உட்காரவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் நினைத்தது முற்றிலும் நியாயம் என்று நான் கருதுகிறேன். முன்னோக்கிய ஆசனத்தையும் பெல்ட்டையும் வெறும் தகட்டில் திருகி நிறுத்தாமல் சட்டத்தோடு பிணைத்துத் தரும் வேலையை, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி கேட்ட பிறகே எடுத்துக்கொள்வதாக அண்ணா சொன்னார்.

அவரை நான் மதிக்கத் தொடங்கியது, அவர் செய்த வேலைகளைவிடச் செய்ய மறுத்த வேலைகளால்தான். நாங்கள் இருக்கும்போதே ஓர் இளைஞர் வந்து, தம் ஜிப்ஸியை உயர்த்திப் பெரிய டயர் மாட்ட வேண்டும், வேறு வண்டியின் பெரிய எஞ்சினை இறக்கி வைக்க வேண்டும் என்று கேட்டு, கணிசமான தொகையும் சொன்னார். பெரிய டயர் போட்டால் கியரின் இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், உயரம் கூடினால் திருப்பத்தில் கவிழும் அபாயம் மிகும் என்று பொறுமையாக எடுத்துரைத்தார். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பதையும் சொன்னார். “ஊட்டுல கொழந்தைங்க ஏறுமுங்களா இதுல?” என்று கேட்டார். ஏறுவார்கள் என்று பதில் வந்ததும், “அப்ப நம்ம பட்டறையில வேண்டாமுங்க” என்று முடித்துவிட்டார். அன்று வேறு பெரிய வரும்படி இல்லாத நாள் என்பதைப் பிறகு பையன்கள் மூலம் அறிந்தேன். பழைய யந்திரத்தை, அதை உருவாக்கியவர்கள் உத்தேசித்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதிலேயே எவ்வளவு வித்தை அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தவருக்கே இப்படி மறுக்கும் துணிவு உண்டாகும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் கைகளுக்கு நாம் செலுத்தும் மரியாதை போதாது. பெட்ரோலிலேயே கை கழுவிக் கழுவி அவருடைய விரல்கள் வெடித்திருக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில், அதாவது 2000-க்கு முன்னால், குழாயை வாயில் வைத்து உறிஞ்சி டாங்கியைக் காலி செய்வதைத் தொழிலின் பாடமாகவே கற்றவர் அவர். பழைய பிரேக் லைனிங்கின் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது, அதில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று இப்போது பையன்களைக் கண்டிக்கிறார். அவர் பையனாக இருந்தபோது கண்டிக்க ஒருவரும் இல்லை. எஞ்சினுக்கு எவ்வளவு தூரம் ஓடியபின் ஆயில் மாற்றவேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் நாம், எஞ்சினைத் தொடுபவனின் நுரையீரலைப் பற்றி ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளாதது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. கையுறைக்கும் முகமூடிக்கும் கூலியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுப்பது வண்டிக்காரர்களுக்குப் பெரிய பாரமாகாது.

வேலை முடிந்து கோத்தகிரிக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு அவரிடம் சேர்ந்திருக்கும் ஒரு பையனை அண்ணா கூடவே அனுப்பினார். ஏற்றத்தில் சுமையோடு இழுத்துச்சென்று, எஞ்சினை அங்கேயே நிறுத்தி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நடுப்பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. அன்று அது சற்றே கறுத்திருந்தது. உடனே ஜெட்டை மாற்றிவிடுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவனோ போனில் அண்ணாவை அழைத்து, நிறத்தைச் சொல்லி, “ஒரு சைஸ் கொறச்சுப் பாக்கட்டுங்களாண்ணா, இல்ல கீழ எறங்கறதுக்காக இப்பிடியே வுட்டர்லாமா?” என்று கேட்டான். சிறிது நேரம் பேச்சு நடந்தது. ஒரு சைஸ் குறைத்துப் போட்டு, மேட்டுப்பாளையம்வரை இறக்கி, அங்கேயும் பிளக்கைப் பார்த்த பிறகே முடிவு செய்வது என்று தீர்மானமாயிற்று. கீழே பார்த்தபோது பீங்கான் பழுப்பாகவே இருந்தது, வெளுக்கவில்லை. இதே பையனை எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கான ஸ்கேனர் பழகவும் அண்ணா வேறு பட்டறைக்கு வாரத்தில் ஒருநாள் அனுப்பிவருகிறார். தமக்கு அது இனி வராது என்றும், ஆனால் ஸ்கேனர் சொல்லுவதை அப்படியே நம்பாமல் பிளக்கையும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இவனுக்கு இருந்தால் போதுமென்றும் என்னிடம் சொன்னார்.