அடுக்களைக்கும் ஒரு திருகு

சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரின் சக்தியை ஏறக்குறைய பத்து மடங்கு கூட்ட வேண்டும். 50 வாட்ஸை 100 ஆக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான். ‘ஏதோ கொஞ்சம் கூடின மாதிரி இருக்கே’ என்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் பைசா செலவில்லாமல் 6 டெசிபல் கிடைத்துவிடும். தென்காசியில் மைக் செட் தொழில் பார்த்த எங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. கல்யாணப் பந்தலிலும் கோயில் கொடையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கட்டித் தெரிந்துகொண்டது.

குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களில் இங்கே காற்று மேற்கிலிருந்து வீசும். அந்த நாளில் மேற்கே பார்த்துக் கட்டிய குழாய் நாலு வீடு தாண்டாது. கிழக்கே பார்த்தது அடுத்த தெருவில் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடும். விவரம் தெரியாதவன் வால்யூமைக் கூட்டுவான். விவரம் தெரிந்தவன் தெருமுனைக்கு ஒரு குழாயைக் கட்டிச் சத்தத்தைக் குறைப்பான். நீளமான வயரில் சக்தி வீணாகாமல் இருக்க 100 வோல்ட் லைனில் அனுப்பி, குழாய்க்கு ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் போடுவோம். சாமி சன்னதிக்கு இவ்வளவு வாட்ஸ், சமையல் கொட்டகைக்கு இவ்வளவு என்று அதிலேயே பிரித்துக் கொடுக்கலாம்.

இலஞ்சிப் பக்கம் வீடு கட்டும் உறவுக்காரப் பையன் ஒருவன் 7.1 ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கிவந்து யோசனை கேட்டான். வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டுமாம்.

“ஹால்ல வால்யூமைக் கூட்டி வச்சா எல்லா ரூமுக்கும் கேட்டுராதா மாமா?”

“கேக்கும்டே. ஹால்ல இருக்கிறவன்தான் எந்திரிச்சு ஓடிருவான்.”

அவனிடம் இருந்த பெட்டிக்குள் ஏழு ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. சின்ன ஹாலுக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் தாராளம். மிச்சமுள்ள இரண்டு, முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டியவை. அந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் சுவர்தான் இருக்கும். அந்த இரண்டையும் ‘ஸோன் 2’ என்று மாற்றிக் கொடுக்க மெனுவிலேயே வழி உண்டு. இதை ‘ஸ்பீக்கர் பி’ வசதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பீக்கர் பி என்றால் ஹாலில் ஓடுவதே அடுத்த அறையிலும் ஓடும், அதே திருகுக்குக் கட்டுப்பட்டு. ஸோன் 2 அப்படியல்ல. ஹாலில் கிரிக்கெட் ஓட, அடுக்களையில் வேறு பாட்டு, வேறு அளவில். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பல மாடல்களில் எச்.டி.எம்.ஐ. வயரில் வரும் டிவி சத்தம் ஸோன் 2-க்குப் போகாது. பழைய சிவப்பு வெள்ளைப் பின் வயர், எஃப்.எம்., கைப்பேசி புளூடூத் இவற்றில் எது போகும் என்று புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த வேறு பாட்டு, வேறு அளவு என்பதை நான் சும்மா ஒரு வசதியாகப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ முன்பக்கத் தார்சாவில் உயரமான பலகையில் இருந்தது. வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம். திருநெல்வேலி வானொலி 1963-இல் தொடங்கிய பிறகு முள் பாதி நாள் அதிலேயே அசையாமல் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் இலங்கை வானொலி. திருகு அப்பா கையில். அவர் வெளியூர் போனால் சித்தப்பா கையில். பட்டாசலைத் தாண்டி அடுக்களையில் இருந்த அம்மாவுக்கும் அத்தைமாருக்கும் கேட்டதெல்லாம் பாதிப் பாதிதான். நாடகத்தில் முக்கியமான கட்டம் வரும்போது அடுப்பில் கடுகு வெடிக்கும். விரும்பிய பாட்டு பாதியில் நிற்கும், ஆம்பிளைகளுக்குச் செய்தி நேரம் வந்துவிட்டதால். உங்களுக்கு என்ன வேணும் என்று ஒருவரும் உள்ளே போய்க் கேட்டதில்லை. ‘வீடே கூடி ரேடியோ கேட்டோம், அது ஒரு காலம்’ என்று இன்றைக்கு உருகுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எல்லாரும் தார்சாவில் உட்கார்ந்திருந்தவர்கள்.

கூடிக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து உட்கார்ந்து அவர் கம்பன் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் மைக்கா வைத்திருப்பார்? கேட்க வந்தவர்கள் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்தார்கள். கேட்க வராதவன் மேல் சத்தத்தை ஏவுவது வேறு சமாசாரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தபோது எங்கள் தொழில்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பையனுக்கு ஆசை விடவில்லை. ஸோன் 2 முனையிலேயே மாடிக்கும் திண்ணைக்கும் சேர்த்து இழுத்துவிடலாம் என்றான். அங்கேதான் ஆபத்து. 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓமை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் மூன்றுக்கும் கீழே போய்விடும். ரிசீவரின் முதுகில் பெரும்பாலும் 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். தடை குறையக் குறையப் பெட்டி அதிகமாக மின்சாரம் கொடுக்க வேண்டிவரும். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மூத்த மகன் மாதிரிதான்: கொஞ்ச நாள் ஓடும், சூடேறும், ஒருநாள் ‘புரொடெக்ட்’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கு மேல் அறை வேண்டுமென்றால் தடையைச் சரிசெய்யும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி போடலாம். அதைவிட நல்லது, ரிசீவரின் ப்ரீ-அவுட்டிலிருந்து வயர் எடுத்து மாடிக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைப்பது. சுமக்க ஆள் வைத்துவிட்டுத்தான் சுமையைக் கூட்ட வேண்டும்.

வயருக்குச் செலவழிக்க யோசிக்கக் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. 20 மீட்டர் தூரத்து அறைக்குப் போக வர 40 மீட்டர், அதாவது அரை ஓம் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பரவாயில்லை. பூச்சு வேலைக்கு முன்பே பைப் புதைத்து, நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நம்மூர்ச் சாரல் ஈரத்தில், சீவிய செம்பு முனை வெளியே தெரிந்தால் பச்சை பூத்துவிடும்; பின் மாட்டி இறுக்குவது நல்லது. ரிசீவரைக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காதீர்கள், அதற்கும் மூச்சு விட வேண்டும். ஐப்பசியில் இடி இறங்கும் சாயங்காலங்களில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

அடுக்களை வால்யூம் திருகை எங்கே வைப்பது என்று எலக்ட்ரீஷியன் கேட்டதும், பையன் சட்டென்று வாசல் நிலைக்குப் பக்கத்தில், மற்ற சுவிட்சுகளோடு வரிசையாகக் கோடு போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “உங்க அம்மாவைக் கூப்பிடுய்யா” என்றேன். அக்கா வந்து வாசல் கோட்டைப் பார்க்கவே இல்லை. ஸிங்க் பக்கமும் வேண்டாம், ஈரக்கை என்றாள். ஜன்னலுக்குக் கீழே அரிவாள்மணை போட்டு உட்காரப்போகும் மூலையைக் காட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கையை வைத்தாள். எலக்ட்ரீஷியன் அங்கே சுவரைக் கொத்த ஆரம்பித்தான்.