ஜீரோ கோப்பை பயோடேட்டா

காலாப்பட்டுல உக்காந்துகிட்டு ஃபுட்பால் கோச் பத்திப் பதிவான்னு சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றேன் :-)

பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊருன்னதும், இங்க தெருவுக்கு ஒரு ஜிடான் திரியறதா வெளியூர் நண்பர்கள் நினைச்சுக்கறாங்க. ஈ.சி.ஆர். பக்கம் வந்து பாருங்க.. பசங்க கையில பேட்டுதான் இருக்கும். ஆனா காலாப்பட்டுக்குன்னு ஒரு விசேஷம் உண்டு. 1985ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், பக்கத்துலயே பிள்ளைச்சாவடியில 2020ல தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா மாறின பழைய எஞ்சினியரிங் காலேஜ், சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரின்னு கைக்கெட்டுற தூரத்துல அத்தனை காலேஜ். சாயங்காலம் ஆச்சுன்னா கடல்காத்துல எங்கயாவது ஒரு கிரவுண்டுல பந்து உருண்டுகிட்டுதான் இருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எனக்குத் தெரிஞ்ச காலேஜ் ஒண்ணு (பேர் வேணாமே) ஃபுட்பாலுக்குன்னு தனியா ஒரு கோச்சை ஒப்பந்த அடிப்படையில எடுக்கப் போகுது. மூணு பேர் கமிட்டி. பழைய மாணவன், ஒரு காலத்துல லெஃப்ட் பேக் ஆடினவன்ங்கிற ஒரே தகுதியில அதுல நானும் ஒருத்தன். பதினோரு அப்ளிகேஷன் வந்துச்சு. கழிச்சுக் கழிச்சு இப்ப ரெண்டு பேர் நிக்கிறாங்க.

முதல் ஆள் மாநில அணிக்கு ஆடினவர். பெரிய நகரத்துல பெரிய காலேஜ் ஒண்ணுல அசிஸ்டெண்ட் கோச்சா இருந்தவர். பயோடேட்டாவுல கோப்பை மட்டும் ஒரு பக்கத்துக்கு இருக்கு. ரெண்டாவது ஆள் திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஆர்ட்ஸ் காலேஜ்ல ஆறு வருஷமா கோச். கோப்பைங்கிற இடத்துல ஒரு கோடு போட்டிருக்கார். ஒரே ஒரு தடவை மண்டல அரையிறுதி வரைக்கும் போயிருக்காங்க. அவ்வளவுதான்.

கமிட்டியில மூத்த பேராசிரியர் ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். ரெண்டாவது பயோடேட்டாவை மேசையில தள்ளிவிட்டுட்டு, "ஜெயிச்சதே இல்லையே தம்பி.. என்னத்த வெச்சு இவரை எடுக்கறது?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு வாரமா இதே நினைப்புதான். பதில் தேடிப் போனப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தவர் காலித் ஜமீல்.

காலித் 2009லேர்ந்து 2016 வரைக்கும் மும்பை எஃப்.சி.க்குக் கோச். ஏழு சீசன். ஐ-லீக் கோப்பை? பக்கத்துலயே போகலை. போரடிக்கிற ஆட்டம், தற்காப்பு ஆட்டம்னு விமர்சனம் வேற. 2016ல அனுப்பிட்டாங்க. அடுத்த சீசன்லயே, அதாவது 2016-17ல, மும்பை எஃப்.சி. கடைசி இடத்துக்குப் போய் லீக்கை விட்டே இறங்கிடுச்சு. ஏழு வருஷமா அந்த வீடு இடியாம முட்டுக் குடுத்து நின்னவர் யாருன்னு அவர் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

அவர் போய்ச் சேர்ந்த இடம் மிசோரம், ஐஸால் எஃப்.சி. அது முந்தின சீசன்ல தகுதி இறங்கின அணி. கோவா கிளப்புங்க லீக்கை விட்டு விலகினதால திரும்ப உள்ள வந்துச்சு. பெரிய பணம் கிடையாது. உள்ளூர் மிசோ பசங்களோட, வேற கிளப்புங்க கழட்டிவிட்ட சிலரையும் சேர்த்துக்கிட்டு ஆடினார். 2017 ஏப்ரல் 30, ஷில்லாங்ல லஜோங் கூட 1-1 டிரா. மொத்தம் 37 புள்ளி, மோகன் பகான் 36. வடகிழக்குலேர்ந்து ஐ-லீக் ஜெயிச்ச முதல் அணி!

இப்ப யோசிங்க. 2016ல காலித்தோட பயோடேட்டா நம்ம கமிட்டி மேசைக்கு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கோப்பைங்கிற இடத்துல கோடு. பேராசிரியர் தள்ளிவிட்டிருப்பார்.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம கோயம்புத்தூரையே எடுத்துக்கங்க. 2017-18ல சென்னை சிட்டி எஃப்.சி. பத்து அணியில எட்டாவது இடம். பேர்லதான் சென்னை, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. அடுத்த சீசனுக்கு அவங்க கொண்டுவந்த கோச் சிங்கப்பூர்க்காரர், அக்பர் நவாஸ். டாம்பினிஸ் ரோவர்ஸ்ல கோச்சா இருந்தவர். பேரைக் கேட்டு இங்க ஒருத்தருக்கும் புல்லரிக்கலை. ஸ்பெயின்ல கீழ் டிவிஷன்ல ஆடிக்கிட்டு இருந்த பெட்ரோ மான்சி வந்தார், 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9, கடைசி மேட்ச்ல மினர்வா பஞ்சாபை 3-1. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒண்ணு ஐ-லீக் சாம்பியன்!

உலகம் பூரா இதுதான் கதை போல. அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னா பெரிய வியாபாரம். (அங்க ஃபுட்பால்னா கையில தூக்கிட்டு ஓடறது.. அது வேற ஆட்டம், ஆனா கோச்சைத் தேடுற தலைவலி ஒண்ணுதான்.) கர்ட் சிக்னெட்டின்னு ஒருத்தர். அலபாமாவுல நிக் சேபன் கிட்ட உதவி கோச்சா இருந்தவர், 2011ல அதை விட்டுட்டு பென்சில்வேனியாவுல இரண்டாம் டிவிஷன் காலேஜ் ஒண்ணுக்குத் தலைமை கோச்சாப் போனார். அப்புறம் எலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன். ஒவ்வொரு படியா ஏறினார். இண்டியானா பல்கலைக்கழகம் அவரை எடுத்தப்ப அவருக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. 2023ல இண்டியானா 3 வெற்றி, 9 தோல்வி. அவர் வந்த 2024ல 11 வெற்றி, 2 தோல்வி. 2025 சீசன்ல தோல்வியே இல்லாம தேசிய சாம்பியன்.

அப்ப சின்ன இடத்துக் கோச்சைக் கண்ணை மூடிகிட்டு எடுத்துடலாமா?

அதான் இல்ல. காலித் கதையோட மறுபாதியையும் சொல்லியாகணும். ஐஸால் வெற்றிக்கு அப்புறம் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கொத்திகிட்டுப் போச்சு. 2017-18ல நாலாவது இடம், வெளியே. 2019ல மோகன் பகான் போனார், அங்கயும் பெருசா எதுவும் இல்ல. அதே ஆள்தான்! 2021ல நார்த் ஈஸ்ட் யுனைட்டெட்ல இடைக்காலக் கோச்சா பொறுப்பு எடுத்து, ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் வரைக்கும் கொண்டுபோன முதல் இந்தியக் கோச் ஆனார். 2025 ஆகஸ்ட்ல இந்திய அணிக்கே கோச். 170 பேர் அப்ளை பண்ணின வேலை அது. கடைசி மூணு பேர்ல ஸ்லோவாக்கியாவை யூரோ 2020க்குக் கொண்டுபோன ஸ்டெஃபான் டார்கோவிச்சும் இருந்தார், ஏற்கெனவே இந்தியாவுக்குக் கோச்சா இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் இருந்தார். வந்த அடுத்த மாசமே மத்திய ஆசியப் போட்டியில ஓமனை பெனால்டியில ஜெயிச்சு மூணாவது இடம். ஊரே கொண்டாடுச்சு. அக்டோபர்ல கோவாவுல சிங்கப்பூர்கிட்ட 1-2 தோத்து ஆசியக் கோப்பை வாய்ப்பு போனதும் அதே வாய் திட்டுச்சு.

இதுலேர்ந்து எனக்குப் புரிஞ்சது என்னன்னா, கோச்சுங்கிறவர் நாத்து மாதிரி. எந்த வயல்ல நின்னுச்சு, எவ்ளோ தண்ணி கிடைச்சுதுன்னு பார்க்காம கதிரை மட்டும் எண்ணினா தப்புக் கணக்குதான் வரும். ஐஸால்ல ஊரே பின்னாடி நின்னுச்சு, சத்தம் போடாம வேலை செய்ய விட்டாங்க. கொல்கத்தாவுல ரெண்டு மேட்ச் தோத்தா போதும், கேலரியே கொதிக்கும். எடுத்தவங்க அவரோட பேரை எடுத்தாங்க. அவர் வேலை செஞ்ச சூழலை யாரும் கூட எடுத்துட்டு வரலை.

நம்ம ஊர் காலேஜுங்கள்ல இந்தக் கதிரை எண்ற வியாதி விதியிலேயே இருக்கு. யு.ஜி.சி. விதிப்படி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முதுகலைல 55 சதவீதம், நெட் அல்லது பிஎச்.டி., தானே போட்டியில ஆடின சான்றிதழ், கூடவே ஒரு ஓட்டப் பரீட்சை. 30 வயசுக்குள்ள இருக்கற ஆண்னா 12 நிமிஷத்துல 1800 மீட்டர். எல்லாம் அந்த ஆளோட காலையும் மார்க்கையும் அளக்குது. அவர்கிட்ட பழகின பசங்க எவ்ளோ தேறினாங்கன்னு அளக்க அந்தப் பட்டியல்ல நான் பார்த்த வரைக்கும் ஒரு வரி இல்ல. எங்களோடது ஒப்பந்த வேலைங்கிறதால அந்த விதி கட்டாயம் இல்ல. ஆனா எங்க கமிட்டியும் அதே தராசைத்தான் தூக்கிட்டு வந்துச்சு.

அதனால போன சனிக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். யார்கிட்டயும் சொல்லலை. கிரவுண்டு ஓரத்துல வேப்பமரத்தடியில உக்காந்து ரெண்டு மணி நேரம் பார்த்தேன்.

பதினெட்டுப் பசங்க, ஆறு பந்து, அதுலயும் ஒண்ணு காத்து இறங்கினது. கோனுக்குப் பதிலா செங்கல். கோச் கத்தவே இல்ல. ஒரு பையன் தப்பா பாஸ் குடுத்தா ஆட்டத்தை நிறுத்தி, "இப்ப உனக்கு வேற யாரு தெரிஞ்சாங்க?"ன்னு கேக்கறார். பையன் திரும்பிப் பார்த்துக் கை காட்டறான். திரும்ப அதே இடத்துலேர்ந்து ஆட்டம். கால்ல கட்டோட ஒருத்தன் ஓரமா நோட்டுல என்னமோ குறிச்சுகிட்டு இருந்தான். கேட்டா, யாரு எத்தனை தடவை பந்தைப் பறிகொடுக்கறாங்கன்னு கணக்காம். கோல்கீப்பர் காலேஜ் சேர்ற வரைக்கும் கபடி ஆடினவனாம். "நீ விழப் பயப்படாதவன், அது போதும்"னு சார் கூட்டிட்டு வந்தாராம். அவனே சொன்னான்.

இன்னொண்ணும் தெரிஞ்சுது. அந்தக் காலேஜுக்கு முன்னாடி அவர் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்திருக்கார். அவர் விட்டுட்டு வந்து ஆறு வருஷம் ஆகியும் அங்க டீம் ஓடுது. ஓட்டறது அவர்கிட்ட ஆடின பழைய பசங்க. என் கணக்குல இது ஒரு கோப்பைக்கு மேல.

முதல் ஆளுக்கும் நியாயமா நடந்துக்கணும் இல்லையா? போன் பண்ணிப் பேசினேன். ஒளிவுமறைவு இல்லாத ஆள். "சார், எங்க காலேஜ்ல விளையாட்டுக் கோட்டாவுல ஸ்டேட் பிளேயருங்களா பார்த்து எடுப்போம். வரும்போதே ரெடியாத்தான் வருவாங்க"ன்னார். அந்தக் கோப்பைகள்ல அவர் பங்கு எவ்ளோன்னு அவரே பிரிச்சுச் சொல்ல முடியாது. எங்க பசங்க பெரும்பாலும் சென்டாக்ல மார்க் பார்த்து வந்து சேர்றவங்க. இடது கால் நல்லா இருக்கான்னு பார்த்து யாரும் சீட் குடுக்கறதில்லை. ரெடியா வர்ற பசங்களை ஜெயிக்க வைக்கிறது ஒரு திறமைதான். எங்களுக்கு வேண்டியது வேற திறமை.

புதன்கிழமை கூட்டம். நான் சொல்லப்போறதை எழுதியே வெச்சுட்டேன்:

1. எத்தனை ஜெயிச்சார்னு கேக்கறதுக்கு முன்னாடி, எதை வெச்சுகிட்டு ஆடினார்னு கேப்போம். பசங்க எப்படி வந்தாங்க, எத்தனை பந்து, எத்தனை நாள் கிரவுண்டு கிடைச்சுது.

2. முதல் வருஷம் சேர்ந்த பையன் மூணாம் வருஷத்துல எப்படி ஆடறான்? ஒரே பையனோட வளர்ச்சியைப் பார்ப்போம்.

3. அவர் விட்டுட்டு வந்த இடம் இப்ப எப்படி இருக்கு?

4. ஒரு இடத்துல செஞ்சதை இன்னொரு இடத்துலயும் செஞ்சிருக்காரா? ஒரு தடவைன்னா அதிர்ஷ்டமா இருக்கலாம்.

அஞ்சாவது பாயிண்ட் கோச்சுக்கு இல்ல, காலேஜுக்கு. யாரை எடுத்தாலும் ரெண்டு வருஷம் குடுக்கணும். இருபது பந்து வாங்கணும். கல்ச்சுரல்ஸ் மேடை போடறேன், கார் நிறுத்தறேன்னு கிரவுண்டைப் பிடுங்கக் கூடாது. இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம்னா அந்தத் திண்டிவனத்துக்காரரை இங்க கூப்பிடவே வேணாம். அங்க பதினெட்டுப் பசங்களுக்கு ஒரு நல்ல கோச் இருக்கார். அவரைப் பிடுங்கிட்டு வந்து ஒரே வருஷத்துல தோல்வின்னு முத்திரை குத்தி அனுப்பினா, ரெண்டு ஊர் பசங்களுக்கும் சேர்த்துப் பாவம் பண்ணினதாயிடும்.

பேராசிரியர் என்ன சொல்வார்னு தெரியலை. நேத்து போன்ல, "அந்தக் கபடிப் பையன் விஷயம் நிஜமாவா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். நிஜம்தான் சார்னேன். "ம்.."ன்னு வெச்சுட்டார்.

உங்க ஊர்லயும் கோப்பை இல்லாத பி.டி. சார் ஒருத்தர் கண்டிப்பா இருந்திருப்பார். அவர்கிட்ட ஆடினவங்க இப்ப என்ன பண்றாங்கன்னு புதனுக்குள்ள எழுதுங்க மக்கா. கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன்.