பள்ளத்தில் ஓடும் காவேரி

ஒகேனக்கல்லுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தர்மபுரியில் பஸ் ஏறிப் பென்னாகரம் வழியாகச் செல்லும் ராஜபாட்டை. மற்றொன்று, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காட்டுக்குள் சுற்றி வரும் கொல்லைப்புற வழி. விருந்தாளி வாசல் வழியாக வந்து போகலாம். வீட்டின் நிலைமையை அறிய விரும்புகிறவன் கொல்லைப்புறமாக வருவதே நல்லது.

சென்ற மார்கழியில் பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு விடுமுறை விட்டதும், நானும் என் மனைவியும் பத்து வயதுப் பெண்ணும் வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டு இந்தக் கொல்லைப்புற வழியில் புறப்பட்டோம். அஞ்செட்டியைத் தாண்டியதும் ஊர்களின் சத்தம் அடங்கிவிட்டது. கேழ்வரகு அறுத்த கொல்லைகள், புளியமரங்கள், அவற்றுக்கப்பால் மலைகள். இப்பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதியை 2014-லும் 2022-லும் வன உயிரினங்களுக்கென்று சரணாலயங்களாக அறிவித்திருக்கிறார்கள். சாலையில் ஆவி அடங்காத யானை லத்தியைக் கண்டதும் என் பெண் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டாள். டிரைவரோ, "அது அவுங்க வீடு, பாப்பா. நாம நிக்காம போயிடணும்" என்று சொல்லி வண்டியை விரட்டினார். இங்கிதம் பற்றி நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

மலை இறங்கியதும் காவேரியின் பள்ளத்தாக்கு வந்தது. 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' என்றால் பாறை. அருவி விழும் வேகத்தில் நீர்த்திவலைகள் புகையாய் எழுவதைக் கண்டால், பெயர் வைத்தவர் ரசிகர் என்பது விளங்கும். இங்கே கார்பனடைட் என்னும் அபூர்வமான பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். அத்தகைய கிழட்டுப் பாறைகளை அறுத்துக்கொண்டுதான் காவேரி இரு கரையிலும் கல்மதில் எழும்ப ஓடுகிறாள்.

பரிசலில் ஏறினோம். மூங்கிலால் முடைந்த வட்டக் கூடை அது. முன்காலத்தில் அதன்மேல் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. மதில்களின் நடுவே சென்றபோது எங்கள் பேச்சு தானாக நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நீல ரிப்பன்.

அந்த அமைதியில் என் பெண் கேட்டாள்: "அப்பா, இத்தனை தண்ணி இங்கே கீழே ஓடுதே! மேலே இருக்கற ஊருக்கெல்லாம் யார் கொண்டுபோய்க் குடுப்பா?"

வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் அக்கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் நான் உபாத்தியாயராக உத்தியோகம் ஏற்றது இந்தத் தர்மபுரிச் சீமையில்தான். முதல் நாள் வகுப்பில் ஏதோ ஹாஸ்யம் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்; ஆனால் பலர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மரியாதை என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் அந்தப் பற்களைப் பார்த்தேன். பழுப்புக் கறை ஏறிய பற்கள். எந்தப் பற்பொடியும் போக்காத கறை.

அதன் காரணம் கிணற்று நீரில் கரைந்த ஃபுளோரைடு. பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் அது கலக்கிறது. நிறமில்லை, ருசியில்லை, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. மிஞ்சினால், பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே அதைக் கெடுக்கும்; மேலும் மிஞ்சி நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பையும் முடக்கும்.

நல்ல நீரோ பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தேங்கி, அது தஞ்சைக் கழனி வரையில் போய்ச் சோறாயிற்று. அதில் குற்றமில்லை. ஆனால் கரைக்கு மேலே மேட்டுநிலத்தில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. எந்த ஆழத்தை நாம் அழகென்று வியக்கிறோமோ, அந்த ஆழமே அவர்களுடைய தாகமாக இருந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் கடனுதவியோடு நிறைவேறி, 2013-ல் அது தொடங்கிவைக்கப்பட்டது. காவேரியைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுங்காக வராத தெருக்களை இன்றும் நான் அறிவேன். என்றாலும், என் பள்ளியின் சின்ன வகுப்புகளில் வாயைப் பொத்தாமல் சிரிக்கும் பிள்ளைகள் இப்போது அதிகம்.

இதையெல்லாம் பரிசலிலேயே என் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் கையை நீரில் அளைந்துகொண்டே கேட்டாள். கரை சேர்ந்தபோது, யாரோ எறிந்த காலிப் புட்டி ஒன்று எங்கள் பக்கம் மிதந்து வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை; அவளே அதை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டாள்.

நேயர்கள் அவசியம் ஒகேனக்கல்லுக்குப் போகவேண்டும். அருவியில் குளியுங்கள், வறுத்த மீன் உண்பவர்கள் உண்ணுங்கள். ஆனால் திரும்பும் வழியில் பென்னாகரத்துப் பக்கம் ஏதாவதொரு கிராமத்தில் வண்டியை நிறுத்தி, தெருக்குழாயடியில் குடம் நிறைவதையும் சற்று நின்று பாருங்கள். அதுவும் காவேரியின் அழகுதான்.