தெப்பக்குளக் கரையில் ஒரு பகல்

மதுரைக்கு வரும் யாத்திரிகர்கள் மீனாட்சியம்மனைத் தரிசிக்கிறார்கள். திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களை அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிறார்கள். உடனே ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டும் விடுகிறார்கள். கோயிலுக்குக் கிழக்கே, வைகையின் தென்கரையை அடுத்து, விசாலமான தெப்பக்குளம் ஒன்று இருப்பதை அவர்களில் பலர் அறிவதேயில்லை. சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நாம் ஒரு பகற்பொழுது முழுவதையும் அங்கே கழித்தோம். உடன் வந்தவர்கள் நம் வகுப்பு மாணவர் எழுவர். கையோடு வந்தவை எட்டுப் புளியோதரைப் பொட்டலங்கள்.

வடகரையில் கோயில் கொண்டிருக்கும் மாரியம்மன் பெயரால் இது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என்று வழங்குகிறது. வெட்டுவித்தவர் திருமலை நாயக்கர், ஆண்டு 1645. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே பின்னர்க் குளமாயிற்று என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோண்டியபோது பெரிய பிள்ளையார் ஒருவர் அகப்பட்டார் என்றும், மீனாட்சி கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணி விநாயகர் அவரே என்றும் கூறுவர். மண்ணுக்குள் நெடுங்காலம் பட்டினி கிடந்தவரல்லவா! சதுர்த்தியன்று அவருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைக்கிறார்கள்.

குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம். நாற்புறமும் கருங்கற் படிகள். நட்டநடுவே மைய மண்டபமும் அதைச் சூழ்ந்த சோலையும், நீரில் மிதக்கும் சிறு தீவு போலத் தோன்றுகின்றன. காலை வெயிலில் அந்த மரங்களின் நிழல் நீரில் ஆடுவதைப் பார்த்தவாறே, கரைச் சுவரில் அமர்ந்து பருத்திப்பால் அருந்தினோம். அதன் சூடும் இஞ்சிமணமும் தொண்டையில் இறங்கிய சுகத்தை எழுத்தில் வடிப்பது இயலாத காரியம்.

"இவ்வளவு தண்ணீரும் மழையில் வந்ததா, ஸார்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

இல்லை; ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வந்தது. வருஷநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை வானத்தை நம்பிய ஆறு. 1895-இல் பெரியாற்று அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பியது. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தது. எங்கோ மலையுச்சியில் பெய்த மழை இத்தனை வாயில்களைக் கடந்து, கடைசியில் பனையூர்க் கால்வாயில் நுழைந்தால்தான் இக்குளத்தின் படிகள் நனையும்.

இதைச் சொல்லும்போதே நம் மனத்தில் ஒரு குற்ற உணர்ச்சி குறுகுறுத்தது. நம் பிள்ளைப் பிராயத்தில் இக்குளம் வறண்டு கிடந்தது. நாம் கிரிக்கெட் பழகியதே இதன் வயிற்றில்தான்! மண்டபச் சுவரில் பந்து பட்டால் நான்கு ஓட்டம் என்பது நமது சட்டம். மேகம் திரண்டால் உழவர் மகிழ்வர். நாமோ ஆட்டம் கெடுமே என்று முகம் சுளிப்போம். தைப் பௌர்ணமியில் அம்மனும் சுவாமியும் எழுந்தருளும் தெப்பமும் அந்நாட்களில் மிதக்கவில்லை. உலர்ந்த தரையில் நிலைத்தெப்பமாகவே நின்றது. ஓராண்டு நம் பாட்டியார் அதைப் பார்த்து, "தேரோடத் தெரு இருக்கு, தெப்பம் ஓடத் தண்ணி எங்கேடா, ராசா?" என்றார். நாம் சிரித்தோம். திருவிழா முடிந்து மைதானம் எப்போது கிடைக்கும் என்பதே நம் கவலை.

2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கால்வாய் சீராக்கப்பட்டு வைகை நீர் மீண்டும் வந்தது. கரையில் ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் அசைந்து நகர்ந்தது. அக்கைகளில் நம்முடையவையும் இருந்தன. பார்ப்பதற்குப் பாட்டியார்தாம் இல்லை.

பிற்பகலில் மாணவர்களை அழைத்துக்கொண்டு கால்வாயோரம் சிறிது தூரம் நடந்தோம். குளத்தங்கரையில் கண்ட அழகுக்கும் அங்கே கண்டதற்கும் சம்பந்தமேயில்லை. பிளாஸ்டிக் பைகளும் எச்சில் இலைகளும் ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்தன. யாரையாவது குறை கூற நாவு எழுந்தது. அதற்குள், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன், தான் சாப்பிட்ட இலையையும் நூலையும் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொள்வது கண்ணில் பட்டது. நாவு அடங்கிற்று. மன்னர் வெட்டிய குளம் மன்னரோடு போகவில்லை. ஆனால் அது நிறைவதும் வறள்வதும் யாரும் எட்டிப் பாராத இந்த ஒடுங்கிய வாய்க்காலைப் பொறுத்தது. அடைப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை போதும்.

மாலையில் கரை நெடுகிலும் ஜனங்கள் கூடினார்கள். குழந்தைகள் பலூனுக்கு அழுதார்கள்; முதியவர்கள் காற்று வாங்கினார்கள்; விளக்குகள் நீரில் நீண்டு நடுங்கின. புறப்படும் தறுவாயில் மாணவர்கள் தங்களுக்குள் ஏதோ கூடிப் பேசி, ஒருவனை முன்னே தள்ளினார்கள்.

"குளம் நிறைந்தே இருக்கட்டும், ஸார். ஆனால் நாங்கள் ஆட வேறு இடம் நீங்கள்தான் காட்ட வேண்டும்" என்றான் அவன்.

நியாயமான கோரிக்கை. குளத்தின் வயிற்றில் ஆடி வளர்ந்தவர் மறுக்க முடியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானம் தேடிப் புறப்படுவதாக வாக்களித்திருக்கிறோம்.