திதியும் ரயிலும்

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கிறவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள் என்று சொல்வதுண்டு. அந்த மிச்சத்தை யாரிடம் கொடுத்து வைக்கிறார்கள் என்பதுதான் நமக்கு நெடுநாளாக விளங்காத விஷயம். சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதத்து மாலையில், அது ஒருவாறு விளங்கிற்று.

பரீட்சை சம்பந்தமான ஒரு கூட்டத்துக்காக டில்லிக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு வயதுப் புதல்வனும் செங்கோட்டையைப் பார்க்கவேண்டுமென்று கூட வந்திருந்தான். மறுநாள் காலை திருநெல்வேலியில் நம் தகப்பனாரின் தலைத் திவசம். மூத்த பிள்ளை நாம்தான். தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் முழுகி எழுந்து வரவேண்டுமென்று, எழுபதைக் கடந்த தாயார் எதிர்பார்த்திருந்தாள். கூட்டங்களைத் தள்ளிப் போடலாம்; திதியைத் தள்ளிப் போட யாரால் முடியும்?

விமானம் மாலை 5-45க்குச் சென்னையில் இறங்க வேண்டும். தெற்கே செல்லும் இரவு ரயில் 8 மணி சுமாருக்கு எழும்பூரை விட்டுப் புறப்படும். நடுவில் 2 மணிக்கு மேல் அவகாசம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தாராளம் என்றே தோன்றிற்று. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் கணக்குப் போடுகிறவர்கள் காகிதத்தை எளிதில் நம்பிவிடுவது வழக்கம்.

டில்லியில் நாம் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போய் வந்து பழக்கப்பட்டவர். அவர் நம் கணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

"வாத்தியார் ஸார், விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது எழும்பூர். உங்கள் ரயிலோ தெற்கே வருகிறது. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் ஏன் வடக்கே போகவேண்டும்? தாம்பரத்தில் போய் நில்லுங்கள். அது உங்களைத் தேடி வரும்!"

டிக்கெட்டில் குறித்திருக்கும் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள ரயில்வேயில் வசதி உண்டு. ஆனால் மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று. சற்றுத் தயங்கினோம். பிறகு புதல்வன் கைபேசியில் நாலு தடவை விரலால் தொட்டான். எழும்பூர் நம் கையை விட்டுப் போயிற்று.

மறுநாள் டில்லியில் காலைப் பனிமூட்டம். அது பத்து மணிக்கே விலகிவிட்டது. ஆனால் அதனால் ஏற்பட்ட தாமதம் மாலை வரையில் விலகவில்லை. நம் விமானம் ஒன்றரை மணி பிந்திக் கிளம்பிற்று.

மேகங்களுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பழைய சமாசாரங்கள் நினைவுக்கு வந்தன. 1929ஆம் வருஷம் லண்டனிலிருந்து கராச்சிக்கு முதன்முதலாக விமானப் போக்குவரத்து ஏற்பட்டபோது, பிரயாணிகள் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பேஸல் வரையில் பறந்து வந்து, அங்கே ரயிலேறி இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போய், மறுபடியும் விமானம் ஏறினார்கள். மொத்தம் ஏழு நாள் பிரயாணம்! நம் நாட்டிலேயே, 1914 முதல், எழும்பூரிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி சென்று, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்பு போனவர்கள் அநேகர். 1964ஆம் வருஷப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரையில் அந்த வழி இருந்தது. அப்போது ரயிலுக்குக் கப்பலைத் தெரியும். கப்பலுக்கு ரயிலைத் தெரியும். இன்று நம் சட்டைப் பையில் இரண்டு டிக்கெட்டுகள். ஒன்றுக்கு மற்றொன்று யாரென்றே தெரியாது. விமானம் பிந்தியதென்று ரயில் நிற்காது. ரயில் போயிற்றென்று விமானக் கம்பெனி வருந்தாது. இரண்டுக்கும் நடுவே உள்ள பொறுப்பு முழுவதும் பிரயாணியின் தலைமேல்தான்.

7-15க்குத் தரையைத் தொட்டோம். பெட்டிகள் வந்து சேர்ந்தபோது 7-45. எழும்பூரை நம்பியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, பெருஞ்சாலைக்கு எதிர்ப்புறத்திலுள்ள திரிசூலம் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

டிக்கெட் ஜன்னலில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற பூக்கார அம்மாள் ஒருத்தி நம் பெட்டிகளையும் முகத்தையும் பார்த்தாள்.

"எங்கே சாமி போவணும்?"

"தாம்பரம், அம்மா. அங்கே ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்கவேண்டும்."

"அப்போ என் முன்னால வாங்க. என் பூவுக்கு அவசரமில்லே."

அவளுக்கு முன்னால் நின்றவர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். 1931ஆம் வருஷத்திலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் அன்று நம்மையும் ஏற்றிக்கொண்டது. வண்டி நகர்ந்ததும் புதல்வன் கடிகாரத்தைப் பார்த்து, "அப்பா, நம்ம ரயில் இப்போ எழும்பூரை விட்டிருக்கும்" என்றான். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று நாம் ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போனோம். நம் பின்னால் நம் ரயில் வந்துகொண்டிருந்தது. துரத்தப்படுவதில் இவ்வளவு சந்தோஷம் உண்டென்று அதுவரையில் அறிந்ததில்லை.

தாம்பரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கி மூச்சு வாங்கி நின்றோம். பத்து நிமிஷம் கழித்து, பெரியவர் சொன்னபடியே, ரயில் நம்மைத் தேடி வந்தது.

மறுநாள் காலை வாசலில் நம்மைக் கண்ட தாயார், "வந்துட்டியா? ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வா, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள். நாம் ஓடியதை அவளிடம் சொல்லவில்லை.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகாயத்திலிருந்து இறங்கி ரயிலேறுவதானால் நடுவில் 4 மணியாவது விட்டு வையுங்கள். ரயில் எங்கே புறப்படுகிறதென்று பார்ப்பதோடு, எந்த வழியாகப் போகிறதென்றும் பாருங்கள். இதற்கு மேலும் தாமதம் வந்தால் கணக்கு உதவாது. வரிசையில் முன்னே நிற்கும் யாராவது ஒருவர் தம் நிமிஷத்தைத் தந்தால்தான் உண்டு. நாம் மிச்சப்படுத்தியதாக நினைத்த நேரமெல்லாம் அன்று அந்தப் பூக்கார அம்மாளிடமல்லவா இருந்தது!